நிரந்தரப் புதியவர்

லிஃப்ட்காரருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. தொழில் அப்படி. காலையில் ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் முழங்கை வரை கிரீஸோடு நிற்பார். மத்தியானம் இன்னொரு கட்டடத்தின் அடிக்குழியில் குனிந்துகொண்டு, கதவு ஏன் பாதியிலேயே நின்று முறைக்கிறது என்று பார்ப்பார். நடுவில் போன் அடிக்கும். எங்கேயோ யாரோ ரெண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள். மேலே போய்க் கீழே வந்தே பாதி ஆயுசு தீர்ந்துவிட்டது. ஆனால் இந்தக் கதையில் அவரை நாயாக அலையவிட்டது லிஃப்ட் இல்லை, கிறிஸ்தவச் சபை.

வேலை மாற்றலில் புது ஊருக்கு வந்திருந்தார்கள், அவரும் மனைவியும். மனைவி கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். வருஷக்கணக்காக மெஷின் மிதித்து இடது இடுப்பு தேய்ந்துபோய், ஆபரேஷன் பண்ணித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு அவள் பயப்படவில்லை. அவள் பயம் வேறு.

"நமக்குன்னு இந்த ஊர்ல நாலு பேர் இல்லையே. நான் கண்ணு முழிக்கும்போது நீங்க எவனையோ லிஃப்டுக்குள்ளேர்ந்து இழுத்துட்டு இருப்பீங்க. எம்பக்கத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டாள்.

பழைய ஊர்ச் சபையில் யாரும் யாரையும் வரவேற்றதாகச் சரித்திரம் கிடையாது. போன வாரம் ஏன் வரவில்லை என்று முகத்துக்கு நேரே அதட்டுவார்கள். காய்ச்சல் என்று தெரிந்தால் ஒரு கும்பல் வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலிலேயே உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குறை சொல்லி, ஜெபம் பண்ணி, டீ குடித்துவிட்டுத்தான் போகும். அன்றைக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. இங்கே வந்தபிறகு அந்தத் தொல்லை இல்லாமல் மூச்சு முட்டியது.

எனவே ஞாயிறுதோறும் தேடினார்கள். முதல் சபையில் ஒவ்வொரு பெஞ்சும் ஒரு குடும்பத்தின் சொத்து. இவர்கள் உட்கார்ந்ததும் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, இவர்கள் எழுந்திருக்கும்வரை இருமினாள். அடுத்த பெஞ்சிலும் ஒரு இருமல். பிரசங்கம் முடிவதற்குள் பெஞ்சு பெஞ்சாகப் பின்வாங்கி வாசல்படிக்கே வந்துவிட்டார்கள். இரண்டாவது சபையில் மேடையிலிருந்து புகை விட்டார்கள். பக்கத்திலிருப்பவரைப் பார்த்து 'நீ ஒரு சிங்கம்' என்று சொல்லச் சொன்னார் போதகர். பக்கத்திலிருந்தவர் சொன்னார், ஆனால் புகையில் அவர் முகமே தெரியவில்லை. மூன்றாவது, ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த ஜெபக்கூட்டம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று லிஃப்ட்காரர் சொன்னதும், கூடத்தில் துக்கவீட்டு அமைதி வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் அவர் மனைவி, "கும்பிடப் போனோமா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோமா?" என்றாள். அதற்குப்பின் அவளால் படியேற முடியாமல் போனது. தேடுகிற வேலை லிஃப்ட்காரர் தலையிலேயே விழுந்தது.

அப்படித்தான் அந்தச் சபைக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் 'இங்கே யாரும் அந்நியர் அல்ல' என்று பெரிய பலகை. அதற்குக் கீழே மஞ்சள் கோட்டு போட்ட ஒரு படையே நின்றது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவரை வாசலில் பார்த்ததும் அந்தப் படை ஒருகணம் ஆடிப்போய்விட்டது. தண்ணீரே பார்க்காதவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தமாதிரி. பிறகு ஒரே ஓட்டம். ஒருவர் மணி அடித்தார். ஒருவர் குடை பிடித்தார், மழையில்லை. ரிப்பன்காரர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஓர் ஒல்லி மனிதர், சிறிய மெத்தையில் மஞ்சள் ரிப்பனை வைத்து ஏந்தி வந்து, 'புதியவர்' என்று எழுதியிருந்த அதை லிஃப்ட்காரர் சட்டையில் குத்தினார். முன்வரிசையில் தனியாகப் போட்டிருந்த பஞ்சு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாட்டுக்குழு எழுந்து வரவேற்புப் பாட்டு பாடியது. சபை திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. லிஃப்ட்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வந்து சேர்ந்துவிட்டோமப்பா என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

வரவேற்பு இயக்குநர் பெரிய ஓட்டலில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆராதனை முடிந்ததும் அவரே கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக வரவேற்பு அறைக்கு அழைத்துப் போனார். அங்கே டீ, பிஸ்கட், பூங்கொத்து. வரவேற்புத் துறை மொத்தமும் சுற்றி நின்று சிரித்தது. அவர் எங்கிருந்து வந்தார், எதற்கு வந்தார், சபை எப்படித் தோன்றுகிறது என்றெல்லாம் கேட்டார்கள். பதிலை யாரும் கேட்டமாதிரி தெரியவில்லை, ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். டீ முடிந்து வெளியே வந்தால் மண்டபம் காலி. சபையார் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் மணி, குடை, ரிப்பன், பாட்டு, கைதட்டல், டீ. அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். நான் போன வாரமே வந்தேனே என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு, இங்கே ஒருதரம் வரவேற்றுவிட்டுக் கைவிடுகிற வழக்கம் இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

மாதங்கள் ஓடின. லிஃப்ட்காரரின் நுழைவு நாளுக்கு நாள் மெருகேறியது. ஒரு ஞாயிறு அவர் வழக்கம்போல விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது. திரும்பிப் போய், வாசலில் கொஞ்சம் தயங்கி, இங்கே வரலாமா கூடாதா என்கிற பார்வையோடு மறுபடி வரச் சொன்னார். வந்தார். இன்னும் கொஞ்சம் தயக்கம் வேண்டுமாம். மூன்றாவது தடவைதான் திருப்தி. வேற்றுச் சபைகளிலிருந்து வரவேற்புக் குழுக்கள் பயிற்சிக்கு வர ஆரம்பித்தன. அவரை நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கைகுலுக்கிப் பழகினார்கள். பிடி தளர்வாக இருக்கிறது, கண்ணைப் பார்க்கவில்லை என்று குறிப்புகள் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஸ்பானரைப் பிடிக்க விரல் மடங்காது.

ஒருநாள் துறை வீட்டுக்கே வந்தது. மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். அவளை அப்படியே நிலைப்படியில் நிறுத்தி, ரிப்பன் குத்தி, அவள் வீட்டுக்குள்ளேயே அவளை வரவேற்றுப் பாட்டு பாடினார்கள். பாட்டுக்கு ஆறு சரணம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட்காரர் நாற்காலி எடுக்கப் போனார், பாட்டு நடக்கும்போது அசையக்கூடாது என்று இயக்குநர் கையமர்த்தினார். ரிப்பன்காரர் மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபிறகு அவள் ரிப்பனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இவங்கள்ல யாராவது எனக்கு என்னன்னு கேட்டாங்களா?"

அன்றைக்குத்தான் லிஃப்ட்காரர் முடிவு பண்ணினார், இந்தப் புதியவர் வேலை போதும், அங்கத்தினராகிவிட வேண்டும் என்று. அங்கத்தினருக்கு நோயாளி கவனிப்புத் துறை இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் முறைபோட்டு உட்காருவார்களாம். புதியவர்கள் அந்தத் துறையில் வரமாட்டார்கள். அவர்கள் வரவேற்புத் துறைக்குச் சொந்தம்.

அவர் போய்க் கேட்டதும் இயக்குநர் சந்தோஷமாகத் தலையாட்டினார். வழி இருக்கிறது, சுலபமான வழிதான். அங்கத்தினர் சேர்ப்பு ஞாயிறு அன்று சபையில் யாராவது இருவர் எழுந்து நின்று 'இவரை எங்களுக்குத் தெரியும்' என்று சொன்னால் போதும். வரவேற்புத் துறையில் இருப்பவர்கள் சொல்லக்கூடாது. அவர்கள் புதியவரை வரவேற்கிறவர்கள், தெரிந்துகொள்கிறவர்கள் அல்ல.

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். முன்வரிசையில் தனி நாற்காலி, முடிந்ததும் தனிக் கதவு, தனி அறை. துறைக்கு வெளியே ஓர் ஆளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கைதட்டிய கைகளைத்தான் தெரியும், முகம் ஒன்றுகூடத் தெரியாது.

அந்த ஞாயிறு டீ நடுவில், போன் வந்தமாதிரி பாவனை பண்ணிக்கொண்டு பின்கதவு வழியாக நழுவினார். மண்டபத்தில் மூன்று பேர் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஒரு அக்கா, தடிக் கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர்பெற்ற ஒரு பழைய தபால்காரர், யாரோடும் பேசாத ஒரு ரொட்டிக்காரர். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் லிஃப்ட்காரரும் ஒரு நாற்காலியை மடக்கி அடுக்கின்மேல் வைத்தார்.

"யோவ், யாருய்யா அது? தலைகீழா வெக்கிறே? சரிஞ்சு விழுந்தா உங்கப்பனா வந்து தூக்குவான்?" என்று அக்கா பஸ் ஹாரன் குரலில் கேட்டாள்.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து முதல்முதலாக ஒருத்தி அவரைத் திட்டுகிறாள். சட்டென்று ரிப்பனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திருப்பி வைத்தார்.

அதன்பின் வாரந்தோறும் நழுவினார். நாற்காலி அடுக்கும்போது அவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். வீட்டுக்காரியைப் பற்றித்தான் பேச்சு. டீயில் சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொல்லியும் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்வது, விளக்கை அணைத்தால் தூங்காமல் சண்டைக்கு வருவது, ஆபரேஷன் நாள், நாலு பேர் இல்லாத பயம், எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா நடுநடுவே அதட்டினாள். சோடாபுட்டி அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து கேட்டார். ரொட்டிக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஒருநாள் மட்டும் ஒரு ரொட்டியைப் பையில் திணித்து, அவங்களுக்கு என்றார்.

ஆராதனை முடிந்தும் நீங்கள் ஏன் வீட்டுக்குப் போவதில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களை எப்பவோ வரவேத்து முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எங்ககிட்ட யாரும் பேசலை. வீட்லயும் சுவர்தான். அதான் நாற்காலி அடுக்கறோம்" என்றாள் அக்கா.

அங்கத்தினர் சேர்ப்பு ஞாயிறு வந்தது. போதகர், இந்த மனிதரை அறிந்தவர் உண்டா என்று கேட்டார். பின்வரிசையில் அக்கா எழுந்தாள். எழுந்த வேகத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி சரிந்தது. சோடாபுட்டியும் எழுந்தார். தெரியும் என்று அழுத்தமாகச் சொன்னார்கள்.

வரவேற்பு இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"அன்பானவர்களே, இத்தனை மாதமாக நம் சபையில் நடந்த வரவேற்புகளை மற்ற சபைகள் பார்த்துப் பொறாமைப்படுகின்றன. அத்தனையும் இந்த ஒரே மனிதருக்கு நடந்தவை. நம் துறையில் மணியடிப்பவர் இருக்கிறார், குடைக்காரர் இருக்கிறார், பாட்டுக்குழு இருக்கிறது. இவர் அங்கத்தினர் ஆகிவிட்டால் நாங்கள் எல்லாரும் யாரை நேசிப்பது? போனதடவை இப்படித்தான் ஒருவரை அவசரப்பட்டு இழக்க இருந்தோம். நல்லவேளை, அவரைத் துறையிலேயே சேர்த்துக்கொண்டோம்."

ரிப்பன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு விடவில்லை. நாற்காலி அடுக்குகிற இடம் புதியவர்களுக்கு அனுமதி இல்லாத இடம் என்பதால், அங்கே ஏற்பட்ட பழக்கம் முறையான பழக்கம் ஆகாது என்றார். போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, விஷயத்தை ஒரு குழு பரிசீலிக்கும் என்றார். அந்தக் குழுவுக்குத் தலைவராக இயக்குநரையே போட்டார், அனுபவம் உள்ளவர் என்று. பிறகு பாட்டுக்குழு எழுந்தது. லிஃப்ட்காரரை மறுபடி வரவேற்றது.

வயிறெரிய வீட்டுக்குப் போனார். ஆபரேஷன் அந்த வாரமே. வெட்கத்தை விட்டு இயக்குநருக்குப் போன் பண்ணி, யாராவது ஒரே ஒரு ஆள் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சினார். உட்காருவது கவனிப்புத் துறையின் வேலை, அதில் தாம் தலையிடக் கூடாது என்றார் இயக்குநர். ஆனால் ஆஸ்பத்திரிக்கு உங்கள் துணைவியாரை நிச்சயம் வரவேற்போம் என்று உறுதி கொடுத்தார். அந்த எரிச்சலில் லிஃப்ட்காரருக்கு நாற்காலிக்காரர்களைக் கூப்பிடத் தோன்றவே இல்லை. எல்லாம் ஒரே சபைதானே என்று வெறுத்துப்போய் இருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் அவள் மயக்கம் தெளியாமல் முனகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கைக்குழந்தையும் தாயும். வேறு மெக்கானிக் ஊரிலேயே இல்லை. அவர் போனையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். அவள் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். நர்ஸிடம் சொல்லிவிட்டு, கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார்.

வாசலில் ஒரே கூச்சல். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கோட்டுப் படை, மணி, குடை, சுருட்டிய பதாகை சகிதம் நின்றது. காவலாளி கதவில் கை வைத்து மறித்திருந்தான். யாரைப் பார்க்க வேண்டும், என்ன ஆபரேஷன் என்று கேட்டான். இயக்குநர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நாங்கள் வரவேற்புத் துறை, புதியவரின் துணைவியாரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"எந்தப் புதியவர்? இங்க வர்றவங்க எல்லாருமே புதுசுதான். பேஷன்டுக்கு என்ன?"

இயக்குநர் தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு சரணம் பாடியவர்களுக்கு அது மட்டும் தெரியவில்லை.

அப்போது படையை முழங்கையால் பிளந்துகொண்டு பஸ் அக்கா வந்தாள். பின்னால் சோடாபுட்டியும், கையில் பொட்டலத்தோடு ரொட்டிக்காரரும். அவள் கண்ணாடிக்குள் நின்ற லிஃப்ட்காரரைப் பார்த்து முறைத்தாள். நாள் சொன்னவன் ஆஸ்பத்திரி பேரைச் சொல்லவில்லையே, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவைத்துவிட்டாயே என்று அந்த முறைப்பிலேயே திட்டு இருந்தது. பிறகு காவலாளி பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்யா. திரைச்சீலை தைக்கிறவ. இடது இடுப்பு. டீயில சர்க்கரை கூடாது, ஆனா திருட்டுத்தனமா ரெண்டு ஸ்பூன் போட்டுக்குவா. லைட்ட அணைச்சா சண்டைக்கு வருவா. அவ புருஷனுக்கு ஒரு நாற்காலியக்கூட ஒழுங்கா அடுக்கத் தெரியாது. போதுமா?"

காவலாளி கதவைத் திறந்தான். மூவரும் உள்ளே வந்தார்கள். அவன் கதவை மூடப்போகும்போது, ரிப்பன்காரர் கையிலிருந்த மெத்தையை இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநர் என்ன ஏது என்று புரியாமல் வாங்கிக்கொண்டார்.

"எனக்கும் தெரியும். அந்த இடுப்போட அவங்களைப் பாட்டு முடியற வரைக்கும் நாங்கதான் நிக்க வெச்சோம்" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு அவரும் உள்ளே வந்தார்.

"ஏன் மரம்மாதிரி நிக்கிறே? ஓடு, யாரோ மாட்டிட்டிருக்காங்கன்னு போனு கத்துது. நாங்க இருக்கோம்" என்று அக்கா லிஃப்ட்காரரை விரட்டினாள்.

அவர் ஓடினார். அன்றைக்கு வேலை கைக்கு அடங்கியது. சிக்கிய கதவைச் சரிசெய்து, தாயையும் பிள்ளையையும் இறக்கிவிட்டு, அந்தத் தாய் நன்றி சொல்வதற்குள் கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் வரவேற்புத் துறை இன்னும் நின்றிருந்தது. காவலாளி அவர்களை ரிசப்ஷன் மேஜை பக்கம் கைகாட்டி அனுப்பினானாம். அவர்கள் அங்கே நின்று வருகிற நோயாளிகளுக்கெல்லாம் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் வந்த ஒருவர் சட்டையில் ரிப்பன் குத்தினார்கள். இயக்குநர் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

வார்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க வந்த நர்ஸோடு அக்கா மல்லுக்கு நின்றாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்து, இது சரியில்லை என்று சோடாபுட்டி சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டிக்காரர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். ரிப்பன்காரர் அவள் காலடியில் தலையணையை வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்து, மறுபடி வைத்தார்.

மனைவி கண்ணைத் திறந்து மெதுவாக ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் கதவருகே கிரீஸ் கையோடு நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"யாருங்க இவங்கல்லாம்?"

"நம்ம ஆளுங்க" என்றார்.

அவள் மறுபடி எண்ணுவதுபோலப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"அப்புறம் என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க? போயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க. எனக்கு ரெண்டு ஸ்பூன்."